காவட்டம்புல் அடைத்த பெட்டி

பிற்பகல் மூன்று மணிக்கு ராஜபாளையத்தில் பஸ் ஏறினேன். சங்கரன்கோவிலுக்கு டிக்கெட் முப்பது ரூபாய். தேனீப் பெட்டி வாங்க என் வீட்டுக்காரரை அனுப்பவில்லை; யார் எதைச் சொன்னாலும் தலையாட்டிவிட்டு வருவார்.

எங்கள் பூசணித் தோட்டத்துக்குத் தேனீ வருவதே இல்லை. பிஞ்செல்லாம் கருகுகிறது. விடிந்ததும் அவர்தான் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூக்களில் தடவிக்கொண்டு திரிகிறார். இந்தப் போகமும் போனால் குத்தகை நிலத்தை விட்டுவிட வேண்டியதுதான்.

நாலேகாலுக்கு இறங்கி, புளியங்குடி சாலையில் இசக்கியம்மாள் வீட்டைக் கண்டுபிடித்தேன். காட்டு அடுக்குத்தேனீயைப் பெட்டியில் பிடித்து விற்கிறவள். காலிப் பெட்டி ஒன்றுக்குள் ஏதோ புல்லைக் கசக்கித் தேய்த்துக்கொண்டிருந்தாள். எலுமிச்சை வாசம் ஆளைத் தூக்கியது.

“காவட்டம்புல்லு யக்கா. மலையடிவாரத்துல தானா வளருது. இதத் தேச்சு வச்சா கூட்டம் வந்து இறங்கும்.”

“புல்லுல ஏது தேன்? தேனீக்கு அங்க என்ன சோலி?”

“ஒரு சோலியும் இல்ல. தேனீ தன் கூட்டத்தக் கூப்பிட ஒரு வாசம் விடும்லா? இந்தப் புல்லுக்கும் கிட்டத்தட்ட அதே வாசம். ஏமாந்து வந்துரும்.”

அடிப்பாவி! தேனீயையே ஏமாற்றுகிறவள் என்னை விட்டுவைப்பாளா?

ஆறரைக்கு, இன்னொரு பெட்டியில் தேனீக்கள் அடைந்துவிட்டன என்று சொல்லி, அதன் வாசல் துளையில் அதே புல்லைச் சுருட்டி அடைத்துக் கொடுத்தாள். இரண்டாயிரம் ரூபாய்.

“வீடு போய்ச் சேருத வரைக்கும் தொறந்துராதீக.”

ஏன் திறக்கக் கூடாதாம்? பஸ் ஸ்டாண்டில் ஓரமாக உட்கார்ந்து பெட்டியில் காதை வைத்தேன். ஹாரன் சத்தம்தான் கேட்டது. காலிப் பெட்டியேதான். புல்லைப் பிடுங்கினேன்.

குபுகுபுவென்று கிளம்பி வந்தன. கையில் இரண்டு கொட்டு. ஐயோ, என் வாயில் மண்ணை நானே போட்டுக்கொண்டேனே! அழுகையே வந்துவிட்டது. ஆனால் பறந்தவை தூரமாகப் போகவில்லை. என் கையிலிருந்த புல்லில் வந்து மொய்த்தன. மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைத் துளையருகில் நீட்டினேன். ஒவ்வொன்றாக உள்ளே நடந்தன. மறுபடி அடைத்தேன்.

வீட்டுக்காரர் என் கையைப் பார்த்தார். “ஏமாத்திட்டாங்களா?”

பெட்டியைத் தோட்டத்தில் இறக்கி வைத்து, புல்லை உருவினேன்.

இரண்டு நாள் கழித்து, விடிந்ததும் வழக்கம்போல ஆண் பூவைப் பறிக்கப் போனார். வீங்கிய கையால் அவரைத் தடுத்தேன்.

“விடுங்க. பூவுக்குள்ள ஆள் இருக்கு.”