டேங்கர் ஓட்டுநருக்குப் போட்ட மதிப்பெண்

காலை ஆறு மணி நாற்பது. முதலில் கண்ணில் பட்டவர் டேங்கர் லாரி ஓட்டுநர். பங்க் வாசலில் நாங்கள் கட்டியிருந்த கயிற்றை அவரே அவிழ்த்து, ஈரத்தரையில் வீசிவிட்டு, லாரியை உள்ளே விட்டார்.

கீழ்பென்னாத்தூர் சாலையில் என் அக்கா நடத்தும் பங்க் அது. பத்திரிகை வேலையை விட்டபின் அங்கே கம்ப்யூட்டர், செல்போன் வேலைகளை நான் பார்த்துவந்தேன். முந்தைய நாள் காலை வரவேண்டிய டீசல் வரவில்லை. டிப்போவிலிருந்து எண்ணெய் ஏற்றிவரும் ஒப்பந்த நிறுவனத்தில் யாரும் போனை எடுக்கவில்லை. தொட்டி காலி. மாலையில் கேனோடு வந்த வேன்காரர், “நாளைக்குப் பௌர்ணமி அக்கா, மலை சுத்துற சவாரியெல்லாம் போச்சு” என்றார். “நடந்தே சுத்து. புண்ணியம் ஜாஸ்தி” என்று அக்கா அவரை அனுப்பினாள்.

அந்தக் கோபம் காலையிலும் இருந்தது.

“சீக்கிரம் இறக்கிக்குங்க மேடம். பௌர்ணமிக் கூட்டம், எட்டு மணிக்கு மேல பெரிய வண்டிய விட மாட்டாங்க.”

“இருபது நிமிஷம் நிக்கட்டும். உள்ள டீசல் ஆட்டம் அடங்கினாதான் அளப்பேன்.”

“நம்பிக்கை இல்லீங்களா?”

“நேத்தே வந்திருந்தா நம்பியிருப்பேன்.”

“நேத்து காலையிலருந்து டிப்போ கேட்லதான் நிக்கறேன். அவங்க ரொப்பலைன்னா நான் இன்னா பண்றது?”

“உங்க ஆபீசுல கேளுங்க.”

“போன் எடுக்க மாட்டேன்றாங்க.”

“எனக்கும்தான் எடுக்கல.”

இருபது நிமிடம் நின்றது. அக்கா அளவுகோலை விட்டுப் பார்த்தாள். அளவு சரி. அடர்த்தியும் சரி. டீசல் இறங்கி முடிந்தபோது ஏழு முப்பத்தைந்து.

செல்போனில் ஒப்பந்த நிறுவனத்தின் செய்தி வந்தது. எங்கள் சேவையில் திருப்தியா, ஐந்துக்கு எத்தனை? காரணம் எழுத இடமில்லை.

கையெழுத்துக்கு ரசீதை நீட்டியபடி ஓட்டுநர் திரையைப் பார்த்தார். “அது கம்பெனிக்குப் போற மார்க் இல்லீங்க. என் பேர்ல ஏறும். மூணுக்குக் கீழ போச்சுன்னா வண்டியிலருந்து இறக்கிடுவாங்க.”

“அப்ப கம்பெனிக்கு எதுல போடறது?”

“தெரியலக்கா.” அதுவரை மேடம் என்றுதான் அழைத்திருந்தார்.

“எத்தனை போடட்டும்?” என்று கேட்டேன்.

அக்கா தரையில் கிடந்த கயிற்றைப் பார்த்தாள். “ஒண்ணு போடு.”

பத்திரிகையில் இருந்தவரை இரண்டு தரப்பையும் கேட்காமல் ஒரு செய்தியும் எழுதியதில்லை. இங்கே இரண்டு தரப்பையும் கேட்டாகிவிட்டது. ஒன்றை அழுத்தினேன்.

“நல்லா இருங்க” என்றார் ஓட்டுநர். வாழ்த்துகிற குரல் இல்லை அது. ஏழு நாற்பத்தைந்துக்கு லாரி வெளியேறியது. அக்கா கயிற்றை எடுத்து உதறிச் சுருட்டினாள்.

அடுத்த லோடும் ஒரு நாள் தாமதமாகவே வந்தது. அதே லாரி. ஓட்டுநர் வேறு.