எங்கள் ஊர்ப் பந்துகளி சந்தாவுக்குப் போன வருஷம்

கொழுந்தன் ஆடும் ஆட்டத்தை இனி வீட்டு டிவியில் பார்க்க முடியாது என்பது, ஆட்டம் தொடங்கிய பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது.

மாமியார் அன்று மத்தியானமே குளித்து, சேலை மாற்றி, கட்டிலில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிந்து பிளேட் வைத்ததிலிருந்து அவர் வாசலைத் தாண்டுவது மாதா கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும்தான். ஆனால் பங்குத் திருவிழாவை ஒட்டி எங்கள் ஊரில் நடக்கும் கால்பந்துப் போட்டியில் ஓர் ஆட்டத்தையும் அவர் விட்டதில்லை. உள்ளூர் கேபிள்காரர் பள்ளிக்கூட மொட்டை மாடியில் கேமராவை நிறுத்தி எல்லா ஆட்டத்தையும் வீடுகளுக்கு அனுப்புவார். பின்னணியில் கடல் தெரியும். ஊர்க்காரர் ஒருவர் மைக்கில் பேசிக்கொண்டே இருப்பார். நான் திற்பரப்புக்காரி, ரப்பர் காட்டுக்குள் வளர்ந்தவள். மண்டைக்காட்டுக்கு மேற்கே இந்தக் கடற்கரைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது பந்தை எந்தப் பக்கம் அடிப்பார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து, மீன் ஆய்ந்துகொண்டே பார்த்துப் பார்த்துத்தான் பழகினேன்.

அன்று அந்தச் சேனலில் பக்திப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"மக்களே, இது என்னவாக்கும்? பந்துகளி எங்க?" என்று என்னைக் கேட்டார் மாமியார்.

நான் கேபிள்காரருக்குப் போன் செய்தேன். அவர் குரல் சோர்ந்திருந்தது. "அக்கா, எனக்க கையில ஒண்ணும் இல்ல. கமிட்டிக்காரங்க இந்த வருஷம் உரிமைய ஒரு கம்பெனிக்குக் குடுத்தாச்சு. இனி ஆப்புலதான் பாக்க முடியும். சந்தா கட்டணும்."

நான் அதை அப்படியே மாமியாரிடம் சொன்னேன்.

"ஆப்பா? ஆருக்கு ஆப்பு வச்சானுவ?" என்று கேட்டார். அவர் கிண்டலாகக் கேட்கவில்லை.

அதற்குள் கத்தாரிலிருந்து என் வீட்டுக்காரர் அழைத்தார். அவர் அங்கே சந்தா கட்டியிருந்தார், ஒரே சந்தோஷம். கத்தாருக்குப் போன நாளிலிருந்து ஊர்ப் போட்டியை அவர் கண்ணால் பார்த்ததில்லை. கேபிள் அங்கே வரைக்கும் போகாதே. "ஏட்டி, என்ன தெளிவு தெரியுமா! நம்ம தம்பிக்க பூட்ஸுல ஒட்டியிருக்க மண்ணு வரைக்கும் தெரியுது" என்றார். "அம்மைட்ட குடு, நான் சொல்லுகேன்."

ஆக, எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் நடக்கும் ஆட்டத்தைக் கத்தாரில் இருக்கும் மகன் பார்த்து, போனில் தாய்க்குச் சொன்னார். திடீரென்று மைதானத்துப் பக்கமிருந்து பெரிய இரைச்சல் எழுந்தது. ஜன்னல் வழியாக நாங்கள் இருவரும் கேட்டோம். ஆனால் போனில் அவர் இன்னும், "பந்து நடுவுல கிடக்கு, ஒண்ணும் இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாமியார் என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து வீட்டுக்காரர் போனில், "கோல்! நம்ம கோல்!" என்று கத்தினார். செல்போனுக்குப் படம் தாமதமாகத்தான் போகும் என்பது எனக்கு அப்போது தெரியாது. மாமியார் போனைக் கீழே வைத்துவிட்டு, "நடந்து முடிஞ்சதையா இவன் இப்ப பாக்கியான்?" என்றார். 

கொழுந்தன் ஆட்டம் முடிந்து வந்தார். அவருக்கு வேலை படகில். அணியில் அவர் லெஃப்ட் பேக், அதாவது இடது பக்கத் தடுப்பாட்டக்காரர். மாமியார் அவர் உட்காருவதற்குள் கேட்டார்.

"உனக்கு அந்தக் கம்பெனிக்காரன் சக்கரம் துட்டு ஏதாவது தருகானா?"

"இல்லம்மா. எப்பவும் போலத்தான். ஆட்டம் முடிஞ்சா புரோட்டா."

"பின்ன நான் ஏன் அவனுக்கு குடுக்கணும்? நான் பெத்தவன நான் பாக்கதுக்கு?"

அவர் தலையைச் சொறிந்தார். "மைதானத்துக்கு லைட்டு போட்டுத் தந்திருக்காங்கம்மா. இனி இருட்டுன பொறவும் பிராக்டிஸ் பண்ணலாம்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "மைனி, நல்லதா கெட்டதான்னு எனக்கே மனசிலாகல" என்றார்.

அரையிறுதி ஆட்டத்துக்கு நான் தயாரானேன். என் போனில் அந்த ஆப்பை இறக்கி, வீட்டுக்காரரின் கணக்கிலேயே உள்ளே போனேன். ரகசிய எண் அவருடைய போனுக்கு வந்தது. அதை வாங்கிப் போட்டேன். படம் வந்தது. மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, வீட்டுக்காரர் அழைத்துவிட்டார். "ஏட்டி, எனக்குப் படம் நின்னு போச்சு. நீ என்ன செய்த?" ஒரு கணக்குக்கு ஒரு போன்தான் அனுமதியாம். அவர் மறுபடி உள்ளே போனார், எங்களுக்கு நின்றது. நான் போனேன்; அவருக்கு நின்றது. ஆளுக்கு ஆள் மற்றவரைத் தள்ளிவிட்டபடியே முதல் பாதி முடிந்தது. கடைசியில் மாமியார் போனை என் கையிலிருந்து வாங்கிக் கட்டிலில் கவிழ்த்து வைத்தார். "அவன் பாக்கட்டும். அவன் அங்க தனியா கிடக்கான்" என்றார்.

எங்கள் அணி ஜெயித்து இறுதியாட்டத்துக்குப் போனது. "என்னை அங்க கொண்டு போ" என்றார் மாமியார். ஆட்டோவில் ஏற்றி, பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றையும் எடுத்துக்கொண்டு போனேன். பள்ளிக்கூடப் பக்கம் முழுக்கக் கம்பெனிக்காரர்களின் கேமராக் கோபுரமும் வயர்களும். பெண்களுக்குக் கடல் பக்கம் இடம் ஒதுக்கியிருந்தார்கள். உட்கார்ந்ததும் வீட்டுக்காரருக்கு வீடியோ கால் போட்டு மாமியார் முகத்தைக் காட்டினேன். உடனே பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்தார். அவர் நன்கு தெரிந்த மனிதர். அன்று கம்பெனி பனியன் போட்டிருந்தார்.

"அக்கா, கோவிச்சுக்கிடாதீங்க. இங்க இருந்து வீடியோ போகக் கூடாதாம். எங்களத்தான் பிடிப்பாங்க."

"எனக்க மகன்ட்ட நான் பேசக் கூடாதாலே?" என்றார் மாமியார்.

"பேசலாம் மாமி. படம் காட்டத்தான் கூடாது."

அந்த மனிதரின் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. நான் போனை அணைத்தேன்.

ஆட்டம் தொடங்கியது. எத்தனையோ வருஷம் டிவியில் பார்த்த அதே மைதானம்தான். ஆனால் அங்கே உட்கார்ந்து பார்த்தபோது இருவருக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. ஆட்கள் ஒருவர்மேல் ஒருவராகத் தெரிந்தார்கள். பந்து கூட்டத்துக்குள் போனால் திரும்பி எங்கே வரும் என்று தெரியவில்லை. மைக்கில் பேச ஆள் இல்லை. அந்தப் பேச்சும் இப்போது ஆப்புக்குள் போய்விட்டது. "அவன் எங்க? டிவியில இந்த இடதுபக்கத்து மூலையிலதான நிப்பான்?" என்று மாமியார் தேடிக்கொண்டே இருந்தார். நானும் அங்கேயேதான் தேடினேன்.

இரண்டாம் பாதியில் பந்து ஒரு வலைக்குள் போனது. மாமியார் இரண்டு கையையும் உயர்த்தித் தட்டினார். "போட்டானுவ! நம்ம பயலுவ போட்டானுவ!" சுற்றிலும் யாரும் சத்தம் போடவில்லை. பெண்கள் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேபிள்காரரின் கேமரா எப்போதும் பள்ளிக்கூடப் பக்கமிருந்து பார்க்கும். நாங்கள் உட்கார்ந்திருப்பதோ எதிர்ப்பக்கம். எங்களுக்கு இடமும் வலமும் மாறிப்போயிருந்தது. பந்து விழுந்தது எங்கள் வலையில். அதுவும் கொழுந்தனின் காலில் பட்டு.

அந்த ஒரு கோலில் தோற்றோம்.

கூட்டம் கலையும்போது ஆண்கள் வெளிப்படையாகவே ஏசினார்கள். படகு வேலைக்குப் போகிறவனை ஏன் இறக்க வேண்டும் என்றார் ஒருவர். 

வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் கத்தாரிலிருந்து போன். "அவனுக்க மேல ஒரு தப்பும் இல்ல. எதிர் ஆளு முதுகுல கைய வச்சுத் தள்ளுகான். மெதுவா ஓட்டிக் காட்டுனாங்க, மூணு பக்கமிருந்து. இங்க எல்லாரும் பாத்தாச்சு. எல்லாரும் அவனுக்காகத்தான் பேசுகாங்க" என்றார். மைதானத்தில் இருந்த ஆயிரம் பேர் பார்க்காததை, வளைகுடாவில் இருந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

அவர் அந்தத் துண்டை மட்டும் எப்படியோ பிடித்து, பங்கு வாட்ஸ்அப் குழுவில் போட்டார். கொஞ்ச நேரத்தில் அது மறைந்துவிட்டது. உரிமை வேறொருவருடையது, இங்கே போடக் கூடாது என்று குழுவை நடத்துகிறவர் எழுதியிருந்தார். அதற்குக் கீழே, ஊரில் இருப்பவர்கள் கொழுந்தனைத் திட்டியும் வெளிநாட்டில் இருப்பவர்கள் அவருக்குப் பரிந்தும் மாறி மாறி எழுதினார்கள். கொழுந்தன் அதை வாசித்துக்கொண்டே சோற்றைப் பிசைந்தார். "எந்தக் கூட்டம் சொல்லுகது நெசம் மைனி?" என்று கேட்டார்.

"உங்களுக்குத் தெரியாதா? தள்ளுனானா இல்லையா?"

"முதுகுல என்னமோ பட்டுது. அவனுக்க கையா, நம்ம ஆளு ஒருத்தனுக்க கையான்னு தெரியல."

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் நான் ஒரு காரியம் செய்தேன். வீட்டுக்காரரைக் கணக்கிலிருந்து வெளியே வரச் சொல்லிவிட்டு, என் போனில் அந்த ஆட்டத்தை எடுத்தேன். கோயில் முற்றத்தில் நின்ற பெண்களிடம் அதைக் காட்டினேன். பிறகு ஆண்களிடமும். தெரியாத ஆண்கள் முன்னால் நான் அப்படிப் போய் நின்றது அதுவே முதல் தடவை. வெயிலில் திரை சரியாகத் தெரியாமல் சேலைத் தலைப்பால் மறைத்துப் பிடித்தேன்.

"ஆமா, தள்ளத்தான் செய்கான்" என்றார் ஒருவர்.

"எங்க தள்ளுகான்? சும்மா கை பட்டிருக்கு" என்றார் அடுத்தவர்.

"இன்னொருக்க போடுங்க அக்கா."

நான் போட்டேன். மறுபடி போட்டேன். பாதிப் பேர் ஒன்று சொன்னார்கள், பாதிப் பேர் வேறொன்று. என் கொழுந்தனைக் காப்பாற்றப் போனவள் நான். அத்தனை முறை பார்த்ததில், அந்தக் கை அவர் முதுகில் இருக்கிறதா, முதுகுக்குப் பின்னால் காற்றில் இருக்கிறதா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அதை வீட்டில் நான் சொல்லவில்லை. "நிறைய பேரு நம்ம பக்கம்தான்" என்று மட்டும் சொன்னேன். அது பொய்யும் இல்லை.

பள்ளியில் படிக்கும் என் மகள் இப்போது தினமும் கம்பெனி போட்டுத் தந்த அந்த விளக்கு வெளிச்சத்தில்தான் பெண்கள் அணியோடு பயிற்சி செய்கிறாள். முன்பெல்லாம் பொழுது சாய்ந்தால் பெண் பிள்ளைகள் மைதானத்தில் நிற்க முடியாது. அவளைக் கூட்டிவரப் போகும்போது அந்தக் கம்பங்களை அண்ணாந்து பார்ப்பேன். கோபப்பட வேண்டுமென்றுதான் தோன்றும். யார்மேல் என்பது தெரியாது.

அடுத்த வருஷம் கம்பெனி வரவில்லை. எதிர்பார்த்த அளவு சந்தா சேரவில்லை என்று கமிட்டியில் சொன்னார்கள். கேபிள்காரரைக் கேட்டோம். அவர் சேனலை மூடிவிட்டு இன்டர்நெட் இணைப்பு கொடுக்கப் போய்விட்டார். "கேமரா இருக்கு அக்கா. அனுப்பதுக்குத்தான் சேனல் இல்ல" என்றார். அந்த வருஷப் போட்டியை யாரும் எங்கும் காட்டவில்லை.

என் வீட்டுக்காரர் திருவிழாவுக்கு விடுப்பில் வந்திருந்தார். புதுச் சட்டை போட்டுக்கொண்டு மைதானத்துக்குக் கிளம்பினார். பாதி ஆட்டத்திலேயே திரும்பி வந்து, கட்டிலில் தாயின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்ன மக்களே, முடிஞ்சுதா?"

"இல்லம்மா. ஒரு கோல் விழுந்துது. ஆரு போட்டான்னு பாக்கதுக்குள்ள முடிஞ்சு போச்சு. திருப்பிக் காட்டமாட்டாங்க இல்லியா" என்றார்.

 "அங்க நேர நின்னுமா உனக்குத் தெரியல?" என்றார் மாமியார். பிறகு என்னிடம் திரும்பி, அவருக்குப் பாலில்லாத கட்டன்சாயா போடச் சொன்னார்.