நஞ்சம்மா கொடுத்த வெல்லம்

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகிற சாலையில், ஊர் முடிகிற இடத்தில் அந்தக் கிரஷர் நின்றது. பாறைத் துண்டை வாயில் போட்டால் ஜல்லியாகத் துப்புகிற இயந்திரம். அறுபத்தாறில் வந்தது. வந்த நாளிலிருந்து எங்கள் ஊரில் மெல்லாமல் விழுங்குகிற களிகூடப் பல்லில் நறநறத்தது. காலையில் துவைத்துப் போட்ட வேட்டியை மாலையில் மறுபடி துவைக்க வேண்டும். பெங்களூர்ச் சாலையை அகலப்படுத்துகிறார்களாம், நாடு முன்னேறுகிறதாம்.

அப்போது நான் அந்த ஊர் மணியக்காரன். வரி வசூலும் பிறப்பு இறப்புப் பதிவும் என் கையில் இருந்தன. நஞ்சம்மாவைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. வேறு யாரும் எழுதப் போவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

அவள் பாகலூர்ப் பக்கத்துப் பெண். வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ், கோபம் வந்தால் தெலுங்கு. மழை பொய்த்து அரை ஏக்கர் மானாவாரி காய்ந்துபோக, புருஷன் திம்மராயனோடு கிரஷருக்கு வந்தாள். அவன் இயந்திரத்தின் வாயில் கல் போட்டான். அவள் கூடையில் ஜல்லி சுமந்தாள். மூன்று மாதத்தில் அவளுக்குக் கூடுதலாக ஒரு பதவியும் கிடைத்தது.

சாயங்காலம் சங்கு ஊதியதும் கூலியாட்கள் எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். ஆளுக்கு எலுமிச்சை அளவு வெல்லம். நெஞ்சில் போன கல் தூசியை வெல்லம் இழுத்துக்கொண்டு வயிற்றுக்கு இறக்கிவிடும் என்பது கிரஷர்காரர்களின் வேதவாக்கு. முதலாளி செய்த ஒரே தர்மமும் அதுதான். கை சுத்தமானவள் என்று அதைக் கொடுக்கும் பொறுப்பை நஞ்சம்மாவிடம் விட்டார்கள். அவளும் கைகால் கழுவி, கொண்டையை உதறி முடிந்து, கோயில் பிரசாதம் போலக் கொடுப்பாள். பிள்ளைக்கென்று யாராவது மடியில் முடிந்தால் விடமாட்டாள்.

"இங்கயே முழுங்கு. நான் பாக்கணும்" என்பாள்.

மூக்கில் துணி கட்டுகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. வெல்லம் இருக்கும்போது இதென்ன வேஷம் என்பாள். திம்மராயன் ஒருநாள் துண்டால் முகத்தைக் கட்டிக்கொண்டு நின்றபோது அத்தனை பேர் முன்னால் அவளே அவிழ்த்துவிட்டாள்.

இரண்டாம் வருஷம் அவனுக்கு இருமல் பிடித்தது. தளியில் தோட்ட வேலை செய்த அவன் தம்பி கரியப்பன் அங்கே வரச் சொல்லி ஆள் அனுப்பினான்.

"போயிடலாம் நஞ்சி. கோசு தோட்டம். நல்ல காத்து" என்றான் திம்மராயன்.

"போயி, உன் தம்பி பொண்டாட்டி கையப் பாத்துக்கினு நிக்கணுமா? உனக்குத் தெனம் ரெண்டு உண்டையா தரேன். ஒண்ணும் ஆவாது."

சொன்னபடி தந்தாள். அதுவரை ஒரு துளி வெல்லத்தைக்கூடத் தொடாதவள், புருஷனுக்காகத் திருடினாள். அவனும் அவள் பேச்சை நம்பித் தின்றான். அவளுக்கு அவ்வளவு ஆசை அவன்மேல். அந்த ஆசையையே அந்த இடம் அவனுக்கு எமனாக்கியது.

அறுபத்தெட்டில் அவனால் ஒரு கல்லைக்கூடத் தூக்க முடியவில்லை. பெங்களூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். எக்ஸ்ரே எடுத்த டாக்டர் கன்னடத்தில் பொறுமையாகவே சொல்லியிருக்கிறார். தின்பது இறங்கும் குழாய் வேறு, மூச்சு போகும் குழாய் வேறு. வெல்லம் நெஞ்சுக்குப் போகாது. நெஞ்சில் இருப்பது கிருமியும் இல்லை, கல். துணியாவது கட்டியிருக்கலாமே என்று கேட்டாராம். நஞ்சம்மா அவர் எழுதிக் கொடுத்த சீட்டை வாங்கி மடியில் முடிந்துகொண்டாள்.

மார்கழியில் திம்மராயன் செத்தான். பிணம் வாசலில் கிடக்கும்போதே முதலாளி வந்து, அப்பன் இடம் மகனுக்குத்தான் என்று அறிவித்தார். சொந்தபந்தமெல்லாம் அவரைத் தர்மப்பிரபு என்று கும்பிட்டது. மகன் முனிவேல் வேப்பனப்பள்ளி மாந்தோப்பில் காவலுக்கு இருந்தவன், இருபத்திரண்டு வயது, எட்டாவது வரை படித்தவன். போகாதே என்று தாய் அவன் காலில் விழாத குறை.

"நேத்து வரைக்கும் வெல்லம் தின்னா ஒண்ணும் ஆவாதுன்ன. இன்னிக்கி செத்துப்போவன்ற. உன் பேச்ச எப்படி நம்பறது? சர்க்கார் காயிதத்துல எழுதியிருந்தா காட்டு, போவல" என்றானாம்.

இது எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், சாவைப் பதிய அவள் வருவதற்கு முன்பே முதலாளி என்னிடம் வந்து போனதுதான்.

"வழக்கம்போல காய்ச்சல்னு போடுங்க. எதுக்கு வம்பு" என்றார்.

வழக்கம்போல. அந்த மூன்று வருஷத்தில் இருமி இருமிச் செத்த பத்தொன்பது பேரை நான் காய்ச்சல் என்றே பதிந்திருந்தேன். அத்தனை பேரும் கிரஷர் கூலிகளும் இல்லை. மாதாகோயில் தெருவில் பணியாரம் சுட்டு விற்ற லூர்தம்மாள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. காற்று அவள் தெருப் பக்கம் அடித்தது, அவ்வளவுதான். லஞ்சம் வாங்கியிருந்தாலாவது காரணம் என்று ஒன்று இருந்திருக்கும். பயம்கூட இல்லை. எழுதிப் பழகிய கை.

நஞ்சம்மா டாக்டர் சீட்டோடு வந்து நின்றாள்.

"கல்லு தூசுன்னு எழுதுங்க மணியக்காரரே. நகலும் ஒண்ணு குடுங்க."

எழுதினேன். முத்திரை குத்தினேன்.

"இன்னா எழுதியிருக்குது? படிங்க."

"கல் தூசியால் நெஞ்சு அடைத்து மரணம்" என்று படித்தேன். தாளில் இருந்தது காய்ச்சல்.

அவள் காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "இது போதும். முனிவேலு படிச்சான்னா அங்க போவ மாட்டான்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

அப்போதாவது நான் கூப்பிட்டிருக்கலாம். தெருக்கோடி திரும்புகிறவரை அவளைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். கூப்பிட்டால் பொய் சொன்னதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு பொம்பளையிடம் தலைகுனிய எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாம் நாள் காலை மறுபடி வந்தாள். நான் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். அவள் அழவில்லை, திட்டவுமில்லை. அந்தக் காகிதத்தை என் முன்னால் நீட்டினாள்.

"அன்னிக்கிப் படிச்ச மாதிரியே இன்னொரு தடவ படிங்க, மணியக்காரரே."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். முனிவேல் அப்பன் நின்ற இடத்தில் நின்று கல் போட ஆரம்பித்து அதற்குள் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.