கரும்பலகை மூலையில் ஒரு ‘பொய்’

கரும்பலகையின் வலது மூலையில் ‘பொய்’ என்று எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டுவிட்டுத்தான் அம்சவேணி டீச்சர் ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் ஆரம்பிப்பார். வட்டம் சரியாகக் கூடவில்லை என்றால் சேலைத் தலைப்பால் அழித்துவிட்டு மறுபடி போடுவார். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பி, “கண்ணுகளா, இன்னிக்கு ஒரு பொய் சொல்லப் போறேன். என்ன சொல்லப் போறேன்?” என்பார். “பொய்ய்ய்!” என்று முப்பத்தெட்டுத் தொண்டைகள் கத்தும். அதற்கப்புறம்தான் மழைத்துளி வாயைத் திறக்கும், வேர் தாகம் என்று அழும், தெப்பக்காட்டு யானை ஒன்று திசை கேட்டுக்கொண்டு வரைபடத்தின் மேல் நடக்கும்.

எனக்கும் அவருக்கும் நடுவில் இருப்பது ஒரு மூங்கில் தட்டி. நான் பக்கத்து வகுப்பில் கணக்கு எடுக்கிறேன். இங்கே பின்னம் நடக்கும்போது அங்கே யானை தும்மினால் என் பிள்ளைகளின் காது எங்கே இருக்கும் என்று சொல்ல வேண்டுமா? இருபத்திரண்டு வருட வயிற்றெரிச்சல் இது. கூடலூருக்கு மேலே ஏழு மைலில், இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்களுக்காகப் போட்ட தேயிலைத் தோட்டத்தின் பள்ளி. இந்த அட்டைக்காட்டுக்கு வர வேறு யாருக்கும் மனசில்லாததால் எங்கள் இருவரையும் எவரும் மாற்றவில்லை.

டீச்சர் கோயம்புத்தூர்ப் பக்கத்து அன்னூர்க்காரர். தேயிலைக்கு நடுவிலேயே குடியிருந்துகொண்டு சுக்குத்தண்ணிதான் குடிப்பார். ஸ்வெட்டரின் மேல் பொத்தான் போன இடத்தில் ஓர் ஊக்கு. கைப்பையில் எப்போதும் உப்புப் பொட்டலம். அட்டை ஏறினால் முதலில் பிள்ளைகளின் காலுக்குப் போட்டுவிட்டுக் கடைசியில்தான் தன் காலைப் பார்ப்பார். வருகைப் பதிவு எடுக்கும்போது தலையைத் தூக்கவே மாட்டார்; குரலை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார். மற்ற ஊர்ப் பிள்ளைகள் ‘உள்ளேன் ஐயா’ சொல்லுமே, எங்கள் பள்ளியில் அது எடுபடவில்லை. மேட்டிலும் பள்ளத்திலும் மூச்சு வாங்க நடந்து வருகிற பிள்ளைகள், பேரைக் கூப்பிட்டால் “வந்துட்டேன் டீச்சர்” என்றுதான் சொல்லும். நானும் திருத்திப் பார்த்து அலுத்துவிட்டேன்.

இன்னொரு வேடிக்கை உண்டு. அவர் சொல்லும் எதிலும் யாரும் ஊர் போய்ச் சேர்வதில்லை. ஆறு கடலில் கலக்கும் என்று புத்தகம் சொல்கிறது. டீச்சரின் மோயாறு பவானிசாகர் அணையோடு நின்றுவிடும். “அப்புறம் டீச்சர்?” என்று பிள்ளைகள் கெஞ்சினால், “அதுக்கு அக்கட்ட எனக்குத் தெரியாது சாமி” என்று சாக்பீஸைக் கீழே வைத்துவிடுவார்.

போன வருடம் ஆய்வுக்கு வந்த அதிகாரி மூலையில் இருந்த சொல்லைப் பார்த்து முகம் சுளித்தார். “பள்ளிக்கூடத்துல என்னம்மா பொய்? ‘கதை’ன்னு எழுதினா ஆகாதா?” டீச்சர் அடக்கமாகச் சொன்னார்: “அந்தச் சொல்லு இங்க செல்லாதுங்க சார்.” அதிகாரிக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. தட்டிக்கு இந்தப் பக்கம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுபத்தொன்பதில் டீச்சருக்கு இருபத்துநாலு வயது. அப்போது இந்தப் பிள்ளைகளுக்கு வரைபடம் என்றால் ஒன்றும் ஏறவில்லை. கப்பலேறி வந்த பிள்ளைகள்தானே, வந்த வழியையே பாடமாக்கினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. “ஒரு பொண்ணு இலங்கையில ஹட்டன்ல இருந்து நம்மூருக்குக் கெளம்பறா. அவளுக்கு ஒரு பேரு வைங்க பாக்கலாம்” என்றார். முதல் பெஞ்சுக் கனகமணி எழுந்து, “மருதாம்பாள்” என்றாள். நல்ல பேராக இருக்கிறதே என்று டீச்சர் அதையே வைத்துக்கொண்டார். அந்தப் பெண் என்ன எடுத்துக்கொண்டு வருவாள் என்று கேட்டார். தகரப்பெட்டி, நீலப்பூப் போட்ட குடை என்று அதற்கும் கனகமணிதான் பதில் சொன்னாள்.

நாளுக்கு ஓர் ஊராக மருதாம்பாள் நகர்ந்தாள். தலைமன்னாரில் கப்பல் ஏறினாள், ராமேஸ்வரத்தில் இறங்கினாள், மண்டபம் முகாமில் வரிசையில் நின்றாள், திருச்சியில் ரயில் மாறினாள். வகுப்பே வரைபடத்தின் மேல் கவிழ்ந்து கிடந்தது. நான்தான் பொறுக்கமாட்டாமல் போய், “பரீட்சை வந்தாச்சு. அந்தப் பொண்ணைச் சீக்கிரம் கொண்டுவந்து சேருங்க டீச்சர், என் வகுப்பு நடக்க வேண்டாமா?” என்று கடுகடுத்தேன். பாவம், அவரும் சரியென்று மேட்டுப்பாளையம், ஊட்டி, நடுவட்டம் எல்லாவற்றையும் ஒரே நாளில் தாண்டவைத்து, “நாளைக்கு மூணேகால் பஸ்ஸுல மருதாம்பாள் வந்து எறங்கீருவா” என்று முடித்தார். பிள்ளைகள் கை தட்டியது எனக்குக் கேட்டது. அப்பாடா என்று இருந்தது எனக்கு.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மத்தியானம் கனகமணி வகுப்பில் இல்லை. மூணேகால் பஸ் வந்து நின்ற இடத்தில், மழையில், அவளும் அவள் அம்மா இசக்கியம்மாவும் நின்றிருந்தார்கள். இசக்கியம்மா கொழுந்து பறிப்புக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். வீட்டில் கறி சமைத்து வைத்திருந்தாராம். கடைசி பஸ் போகும்வரை இரண்டு பேரும் அங்கிருந்து நகரவில்லை என்று டீக்கடைக்காரர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

திங்கட்கிழமை காலையில் இசக்கியம்மா பள்ளிக்கு வந்தார். பின்னால் கனகமணி. “டீச்சர், பெரியவ அந்த பஸ்ஸுல வரல்ல. அடுத்த கப்பலுங்களா?”

மருதாம்பாள் அவருடைய மூத்த மகள். வயது பதினெட்டு தாண்டியதால் தனி மனு, தனிக் கடவுச்சீட்டு என்று இலங்கையிலேயே நின்றுபோனவள்.

டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தார். “அம்மா, அது கதைங்க…”

“ஆமாங்க, டீச்சர் கதைச்சாங்கன்னுதான் சின்னவ வந்து சொன்னா.”

“அய்யோ, வெறுங் கதைங்கம்மா!”

“அதத்தான் கேக்குறேன். யாரு உங்கக்கிட்ட கதைச்சா? கேம்ப் ஆபீசுல இருந்தா?”

அவர்கள் வாயில் கதைப்பது என்றால் பேசுவது. டீச்சர் கதைத்தார் என்றால் எங்கிருந்தோ பேச்சு வந்திருக்கிறது என்று அர்த்தம். பேச்சு வந்தால் பின்னாலேயே ஆளும் வரவேண்டும். அன்னூர்ச் சொல்லும் ஹட்டன் சொல்லும் ஒரே எழுத்தில் இருந்து தொலைத்தால் யார் என்ன செய்வது! டீச்சர் மூன்று தரம் கதை கதை என்று சொல்லிப் பார்த்தார். ஒவ்வொரு தரமும் இசக்கியம்மாவின் முகத்தில் நம்பிக்கை கூடிக்கொண்டே போனது. கடைசியில் டீச்சர், “பொய்ங்கம்மா. நான் சொன்னது பொய்ங்க” என்றார்.

இசக்கியம்மா திட்டவில்லை. திட்டியிருக்கலாம். “பொய்யா?” என்று ஒரு தரம் கேட்டுவிட்டு மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். கனகமணி அதோடு பள்ளிக்கு வரவில்லை. டீச்சர் நாலு தரம் அவர்கள் குடியிருந்த லயத்துக்குப் போனார். நாலு தரமும் கதவுக்குப் பின்னால் கொலுசுச் சத்தம் கேட்டதே தவிர, பெண் வெளியே வரவில்லை. பதினைந்து வயதில் அவளும் கொழுந்துக் கூடையைத் தூக்கிவிட்டாள். “யாரு பேரு கண்ணுன்னு ஒரு வார்த்த கேக்காம உட்டுட்டேனுங்களே சார்” என்று டீச்சர் இன்றைக்கும் என்னிடம் சொல்வார். அவசரப்படுத்தியது நான் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அதுதான் என்னைச் சுடுகிறது.

கோத்தகிரிப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போன கனகமணி இந்த ஜூனில் தோட்டத்துக்கே திரும்பி வந்தாள். ஐந்தாம் வகுப்பில் சேர்க்க மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவள் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் குனிந்து பதிவேட்டைத் திறந்தார்.

“பேரு என்ன கண்ணு?”

“மருதாம்பாள்” என்றது குழந்தை.

பேனா அப்படியே நின்றது. “யாரு பேருங்க அது?” என்று டீச்சர் கேட்டார். இந்த ஒரு கேள்வி அவர் வாயிலிருந்து வர இருபத்திரண்டு வருடம் ஆகியிருக்கிறது.

“எங்க அக்கா பேருங்க.”

“கடுதாசி வருதுங்களா?”

“எம்பத்தி மூணுல கலவரம் வந்திச்சில்ல, அதோட நின்னிருச்சு.” கனகமணி மூலையில் இருந்த வட்டத்தைப் பார்த்தாள். “தலைமன்னாருல இருந்து இங்க வரைக்கும் அந்த வழி பூரா எனக்கு இன்னமும் மனப்பாடம் டீச்சர்” என்றாள். அது நன்றியா, குறையா என்று எனக்குத் தெரியவில்லை. டீச்சரும் கேட்கவில்லை.

இப்போதும் அதே தட்டி, அதே பதிவேடு. முப்பத்தேழு பேருக்கு டீச்சர் தலையைத் தூக்குவதில்லை. முப்பத்தெட்டாவது பேரைக் கூப்பிடும்போது மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்.

“மருதாம்பாள்.”

“வந்துட்டேன் டீச்சர்.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, கடைசிப் பெஞ்சில் அந்தக் குழந்தை நிற்பதை ஒரு முறை நன்றாகப் பார்த்துக்கொண்டு, அதற்கப்புறம்தான் பேனாவை எடுத்துக் குறி போடுவார்.