முன்னால் போனவரின் குதிகால்

ஜூலை முதல் தேதி மொன்ட்ரியலே வீடு மாறும். இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீங்கள் வெளியூர் என்பதால் சொல்கிறேன்: வாடகை ஒப்பந்தமெல்லாம் முந்தின நாளோடு முடியும். அன்று எங்கள் பார்க் எக்ஸ்டென்ஷன் பேட்டையில் நடைபாதை முழுக்க மெத்தையும் சோபாவும் அழுகிற குழந்தைகளுமாகக் கிடக்கும். இந்த வருடமும் போய் நின்றேன். வீட்டுச் சாமான் ஏற்றும் லாரி என்னுடையது, ஆட்கள் என் ஆட்கள், அறுபத்தேழு வயதில் நான் எதையும் தூக்க வேண்டியதில்லை. ஆனாலும் பழைய சுமைப் பட்டையை வண்டியிலிருந்து உருவியதும் வேர்வையும் சணலும் கலந்த அந்த வாடை முகத்தில் அடித்தது. கூடவே பர்மாவும் வந்துவிட்டது.

நான் பர்மாத் தமிழன், பிறந்தது மோல்மேன் ஊரில். படிப்பு நாலாவது வரைக்கும்தான். எங்கள் நாட்டுச் சண்டைகளை நான் புத்தகத்தில் படிக்கவில்லை, முதுகில் படித்தேன். வெள்ளைக்காரன் போன கையோடு தொடங்கியது. கம்யூனிஸ்டுகளோடு, மலைச் சனங்களான கரேன்களோடு, பிறகு ஷான், கச்சின்களோடு என்று ராணுவம் சண்டை போடாத மலை கிடையாது. யார் எதற்காக என்பதைப் படித்தவர்கள் சொல்வார்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: மலையில் லாரி ஏறாது, மனிதன் ஏறுவான். கம்யூனிஸ்டுச் சண்டைக்கு என் அப்பா அரிசி சுமந்தார். கரேன் சண்டைக்கு நான் பீரங்கிக் குண்டு சுமந்தேன்.

சம்பளத்துக்கு இல்லை. போர்ட்டர் பிடிப்பது என்று அதற்குப் பெயர். பட்டாளத்துக்காரன் தெருவில் வலை வீசுவான், அகப்பட்டவன் சுமப்பான். என்னைச் சினிமாக் கொட்டகை வரிசையில் பிடித்தார்கள். டிக்கெட் கையில் இருந்தது. அந்தப் படத்தை இன்றுவரை பார்க்கவில்லை. பார்த்தவர்கள் நன்றாக இல்லை என்றார்கள், அதில் ஒரு நிம்மதி.

ஒன்றரை மாதம் சுமந்தேன். தாய்லாந்து எல்லையோரத்து டாவ்னா மலையில் ஒரு மத்தியானம் முன்னால் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. காவலுக்கு வந்தவர்கள் தரையில் படுத்தார்கள். நான் கூடையை இறக்கிவிட்டு மூங்கில் காட்டுக்குள் நுழைந்தேன். ஐந்து நாள் நடந்து ஆற்றைக் கடந்தால் தாய்லாந்து. அகதி முகாமில் சில வருடம், பிறகு கனடாவின் இந்தக் குளிர்.

இங்கே முதல் வேலைக்குப் போன அன்று பிரிஜ்ஜை முதுகில் சாய்த்து, பட்டையை நெற்றியில் மாட்டி, தெருவோரத்து வளைந்த இரும்புப் படியில் மூன்றாம் மாடி வரை ஒரே மூச்சில் ஏறினேன். கீழே நின்ற கியூபெக்கார முதலாளி இங்கத்துக் கெட்ட வார்த்தை ஒன்றை வாய்விட்டுச் சொன்னார். அது பாராட்டு என்று பிறகு தெரிந்தது. நாலு வருடத்தில் சொந்த லாரி, இப்போது மூன்று. யாரும் கைதூக்கி விடவில்லை. இதைப் பல பேரிடம் பல முறை சொல்லியிருக்கிறேன், உங்களிடமும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மலைப் பாதைக் கதையும் அப்படித்தான். வேலைக்கு நடுவில் தேநீர் குடிக்கும்போதெல்லாம் அவிழ்ப்பேன். என்னோடு இருபது வருடமாகச் சுமக்கும் யாழ்ப்பாணத்துச் சிவம் விடமாட்டான். ஒரு வருடம் இப்படிக் கேட்டான்:

“அண்ணை, போன வருசம் மூண்டு ஆறு கடந்தியள். இந்த வருசம் அஞ்சு. மலையில மழை கூடிப்போச்சோ?”

“கண்ணக் கட்டி விட்டாலும் இன்னைக்கும் போவேன்டா அந்த வழியில.”

“ஓம் ஓம். முதல்ல இந்தப் பிரிஜ்ஜைப் பிடியுங்கோ.”

போன வருடம் ஜூலை முதல் தேதி மத்தியானம் மோல்மேனிலிருந்து தங்கச்சி செல்லம் போன் பண்ணினாள். அங்கே இப்போது இளம்பிள்ளைகளைக் கட்டாயமாகப் பட்டாளத்தில் சேர்க்கிறார்கள். வார்டு ஆபீசில் பெயர்களைச் சீட்டெழுதிக் குலுக்குகிறார்கள்.

“அண்ணே, நம்ம ரவிக்குச் சீட்டு விழுந்திருச்சு.” ரவி அவள் பேரன்.

“எப்ப போகணும்?”

“திங்கக்கிழமை. அவன் ஓடிர்றேங்கிறான். நீ வந்த வழியச் சொல்லு. பேனாவும் கையுமா பக்கத்துல உக்காந்திருக்கான்.”

“இப்ப அங்க எல்லாம் மாறிப்போயிருக்கும் செல்லம்.”

“மலை எங்க போகும்? கண்ணக் கட்டி விட்டாலும் போவேன்னு நாப்பது வருஷமா நீதான சொல்ற? எங்க ஏறணும், எங்க ஆத்தக் கடக்கணும், அத மட்டும் சொல்லு.”

வாயைத் திறந்தேன். மூன்று ஆறா, ஐந்தா? வழியில் வெள்ளைப் புத்தர் கோயில் ஒன்று வருமே, அது நான் பார்த்ததா, சிவத்துக்காகச் சேர்த்ததா? எவ்வளவு யோசித்தும் ஒரு குதிகால்தான் கண்ணுக்குள் வந்தது. வெடித்த குதிகால், வெடிப்பெல்லாம் செம்மண். எனக்கு முன்னால் சுமந்த கரேன் பெரியவருடையது. தன் ஆட்களைச் சுடுவதற்கான குண்டை அவர் முதுகிலேயே ஏற்றியிருந்தார்கள். அன்று முதலில் கூடையை இறக்கியவர் அவர். நான் பின்னால் போனேன், அவ்வளவே. நெற்றிப் பட்டை மாட்டியவன் தலை நிமிர முடியாது. பட்டையைக் கழற்றிய பிறகும் பல நாள் என் கழுத்து நிமிரவில்லை. அந்த மலையை நான் பார்க்கவே இல்லை.

“எனக்கு வழி தெரியாது செல்லம். ஒருத்தர் பின்னாடி நடந்து வந்தேன்.”



“இத முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல? உன்ன நம்பி அவன் வேற யாரையும் கேக்கலண்ணே.”

திங்கட்கிழமை ரவி பட்டாளத்துக்குப் போனான். மொட்டைத் தலையும் துப்பாக்கியுமாக ஒரு படம் வந்தது. இரண்டு தடவை வீட்டுக்குப் பேசினான். பிறகு பேச்சில்லை. எந்த மலையில் இருக்கிறான் என்று தெரியாது. செல்லம் போனை எடுக்கிறாள், “இன்னும் ஒண்ணும் தெரியலண்ணே” என்கிறாள், வைத்துவிடுகிறாள்.

இந்த வருடம் தேநீர் குடிக்கும்போது சிவம்தான் கேட்டான், “என்ன அண்ணை, இண்டைக்கு மலைக் கதை இல்லையோ?”

“இல்லடா. ஆற வைக்காம குடி.”

ஆற்றங்கரை வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டு அந்தப் பெரியவர் திரும்பி நடந்தார். அவர் ஊர் மலைப் பக்கம். அந்தப் பக்கத்து ஊர்கள் பல எரிந்துவிட்டன என்கிறார்கள். அவரும் இப்போது இருக்க வாய்ப்பில்லை. நாற்பது வருடமாக நான் சொன்ன கதையில் ஒரு தடவைகூட அவர் வரவில்லை. அவர் பெயரையாவது அன்று கேட்டு வைத்திருந்தால், பேனாவோடு உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு எழுதிக்கொள்ள அது ஒன்றாவது இருந்திருக்கும்.