டயாலிசிஸ் மெஷினுக்கு வாங்கிய இ-ரீடர்

1. அலாரம்

டயாலிசிஸ் மெஷின் நின்றபோது பழனிச்சாமி அதோடு இணைத்த கட்டிலில் படுத்திருந்தார். அவர் ரத்தம் குழாயில் ஓடிக்கொண்டிருந்தது. அலாரம் அலறியது, பம்ப் நின்றது, நர்ஸ் ஓடிவந்து பம்பைக் கையால் சுற்றி ரத்தத்தை உடம்புக்குள் திருப்பி ஏற்றினாள். நான் டூல் பையோடு போய் நின்றபோது அவர் கண்ணைத் திறந்து பார்த்தார்.

"என்னக்கா, உங்க மெஷினு இன்னைக்கும் லீவு போட்ருச்சா?"

"சும்மா கெடங்க. எனக்கே வயித்தெரிச்சலா இருக்கு," என்றேன்.

கொடைக்கானலில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் பயோமெடிக்கல் டெக்னீஷியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான், பெயர் ஆரோக்கியம். எக்ஸ்ரே, ஆட்டோகிளேவ், ஈசிஜி, எது படுத்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். டயாலிசிஸ் மெஷின் இரண்டு இருந்தன. வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்று தான் பயன்படுத்தியதைத் தானமாக அனுப்பியது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்பார்கள். பார்க்கத்தான் வேண்டும் என்று இப்போது சொல்கிறேன். ஒன்று சீக்கிரமே செத்தது. அதைப் பிரித்து அந்தப் பாகங்களைப் போட்டுத்தான் இன்னொன்றை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

மற்ற நோயாளிகள் ஒவ்வொருவராகச் சமவெளிக்கு வீடு மாறிப் போய்விட்டார்கள். பழனிச்சாமி மட்டும் போகவில்லை. பக்கத்துக் கிராமமான பள்ளங்கியில் பூண்டு போடுகிறவர், நிலத்தை விட்டு அசையமாட்டார். வாரத்துக்கு இரண்டு தடவை ரத்தம் கழுவினால்தான் உயிர். எங்கள் மெஷின் ஓடினால் ஜீப்பில் வந்து முடித்துவிட்டு வீட்டில் போய்ச் சாப்பிடலாம். ஓடாவிட்டால் மலையிறங்கி வத்தலக்குண்டு போகவேண்டும்.

ரத்தத்தைக் கழுவுகிற உப்புக் கரைசல் சரியான அளவில் கலந்திருக்கிறதா என்று மெஷினே பார்த்துக்கொள்ளும். கரைசல் மின்சாரத்தைக் கடத்துகிற அளவை வைத்துப் பார்ப்பது, அந்த அளவுக்குக் கண்டக்டிவிட்டி என்று பெயர். சந்தேகம் வந்தால் நின்றுவிடும். நோயாளியைக் கொல்லாமலிருக்க அது செய்கிற நல்ல காரியம்தான். ஆனால் நான் தனி மீட்டர் வைத்து அளந்தேன். கரைசல் சரியாக இருந்தது. மெஷின் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. ஏன் பொய் சொல்கிறது என்பதைக் கண்டுபிடிக்க சர்வீஸ் மேனுவல் வேண்டும்.

2. போனில் படித்தால் என்ன?

இளையவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். படித்துப் பாருங்கள், தெரியும்.

மேனுவல் ஒரு பென்டிரைவில் பிடிஎஃப்பாக வந்திருந்தது. யாரோ பழைய புத்தகத்தை ஸ்கேன் செய்தது. எல்லாம் பெரிய தாள், ஒவ்வொரு பக்கத்திலும் எறும்பு ஊர்ந்தமாதிரி எழுத்து, நடுவில் சர்க்யூட் படம். பழுது பார்க்கிற முறையும் கதை மாதிரி நேராகப் போகாது. "இந்த முனையில் வோல்ட் இருக்கிறதா? இருந்தால் அந்தப் பக்கம் போ, இல்லாவிட்டால் இந்தப் பக்கம் போ" என்று துரத்தும். போனில் பெருசாக்கினால் ஒயர் எங்கே ஆரம்பித்தது என்பது மறைந்துவிடும். சின்னதாக்கினால் எண் தெரியாது. கையில் ஈரக் கிளவுஸ். தொட்ட இடத்தில் தொடாது, தொடாத இடத்தில் தொடும்.

கம்ப்யூட்டர் மாடியில் அக்கவுண்ட்ஸ் ரூமில் இருந்தது. மேலே போய்ப் பார்த்து, மனதில் வைத்துக்கொண்டு, கீழே ஓடிவந்து மெஷினுக்குப் பின்னால் படுத்தால் பாதி மறந்திருக்கும். பிரிண்ட் எடுத்தும் பார்த்தேன். எங்கள் ஊர் மழைக்காலத்தில் தாள் அப்பளமாக நமுத்துப் பூசணம் பூத்தது. போதாக்குறைக்கு மெஷினுக்குச் சுத்தத் தண்ணீர் வருகிற ஆர்.ஓ. குழாய் கசிந்து பாதிப் பக்கம் ஒட்டிக்கொண்டது. டேப்லெட் கம்ப்யூட்டர் வாங்கலாம்தான். எனக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்தது. பளபளக்கிற திரைமேல் டார்ச் அடித்தால் கண்ணில் தண்ணீர் கொட்டும்.

இ-ரீடர் காகிதம் மாதிரி இருக்கும், கண் கூசாது, கரண்டு போனாலும் சார்ஜ் நிற்கும் என்று கேள்விப்பட்டேன். மேனேஜர் சாரிடம் போய் ஒரு இ-ரீடர் வாங்கித் தரச் சொன்னேன். என் தலையெழுத்து, திண்டுக்கல்லுக்கு வேறு வேலையாகப் போனவர் அவரே வாங்கிவந்துவிட்டார்.

3. ஜெபப் புத்தகம்

உள்ளங்கை அகலம். ஆறு அங்குலத் திரை.

மேனேஜர் சார் நல்ல மனிதர். மிஷன் ஊழியத்திலேயே தலை நரைத்தவர். முகமெல்லாம் மலர்ந்து அதை நீட்டினார்.

"எம்புட்டு பெருசா வேணும்னாலும் எழுத்து வருது பாருங்க ஆரோக்கியம். கடையிலயே ஜெபப் புத்தகத்தப் போட்டுக் காட்டச் சொல்லி, கண்ணாடியக் கழட்டிட்டு வாசிச்சுப் பாத்துட்டேன். வெலையும் சல்லிசு."

"மேனுவலப் போட்டுப் பாத்தீங்களா சார்?"

"எல்லாம் புஸ்தகந்தான ஆரோக்கியம்?"

எங்கள் ஆஸ்பத்திரியில் எதை வாங்கினாலும் இப்படித்தான். கண்ணாடிக் கடைக்குப் போனாலும், மைக் செட் வாங்கப் போனாலும் ஜெபப் புத்தகத்தை வாசித்துப் பார்த்துத்தான் வாங்குவார்கள். கண்ணாடிக்கும் மைக்குக்கும் அது சரி.

ஆகவே வாங்கப் போகிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். ஜெபப் புத்தகம் வெறும் எழுத்து. எழுத்தைப் பெரிதாக்கினால் அது தானாக அடுத்த வரிக்கு மடங்கிக்கொள்ளும், சின்னத் திரையே போதும். ஸ்கேன் செய்த மேனுவல் பக்கம் ஒரு போட்டோ. அது மடங்காது. பெரிதாக்கினால் ஒரு மூலைதான் திரையில் நிற்கும், அடுத்த மூலைக்கு நகர்த்தினால் ரீடர் ஒருதரம் கருத்து வெளுத்து யோசித்துவிட்டுத்தான் காட்டும். அதற்குள் மல்டிமீட்டர் முனை வழுக்கியிருக்கும். மெமரி எவ்வளவு, சார்ஜ் எத்தனை நாள் என்று கடைக்காரர் சொல்வதை ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுங்கள். உங்கள் மேனுவலிலேயே மோசமான பக்கத்தைப் பென்டிரைவில் கொண்டுபோய், அந்த ரீடரில் போட்டு, நின்றபடி வாசித்துப் பாருங்கள். தெரிந்தால் வாங்குங்கள், தெரியாவிட்டால் பேசாமல் வெளியே வாருங்கள்.

திருப்பிக் கொடுக்கலாம் என்றேன். பெட்டியைப் பிரித்துவிட்டதால் கடைக்காரர் எடுக்கமாட்டேன் என்றுவிட்டார்.

"இருக்கறத வச்சு சமாளிங்க ஆரோக்கியம். மறுபடி கேட்டா கமிட்டில என்னையக் கேள்வி கேப்பாங்க."

சமாளித்தேன். ஒரு மழைக்காலம் முழுக்க அந்த உள்ளங்கைத் திரையோடு மெஷினுக்குப் பின்னால் ஈரத்தரையில் படுத்துக் கிடந்தேன். நாலு படி போவேன், ஐந்தாவது படியில் எண் எட்டா மூன்றா என்று தெரியாது. தப்பான முனையில் அளந்து, தப்பான பக்கத்துக்குப் போய், முதலிலிருந்து தொடங்குவேன். எதையாவது கழற்றி மாட்டினால் மெஷின் இரண்டு வாரம் ஓடும். ஆகா என்று நினைக்கும்போது நிற்கும். அதுவே செத்துத் தொலைந்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

அது நின்ற நாட்களிலெல்லாம் பழனிச்சாமி பஸ்ஸில் வத்தலக்குண்டு போனார். போகும்போது மூச்சு வாங்கும், வரும்போது கொண்டை ஊசி வளைவுதோறும் வாந்தி. ஒரு தடவை மனைவி ராசாத்தி தோளில் சாய்ந்தபடி எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் வந்து உட்கார்ந்தார். கால் இரண்டும் வீங்கிச் செருப்பு நுழையவில்லை.

"எறங்கி ஏறங்குள்ள பாதி உசுரு அங்கனயே போயிருதுக்கா. மெஷினு என்னதான் சொல்லுது?"

"அது சொல்றதப் படிக்கத்தான் முடியல. எழுத்து தெரியல. இதவிடப் பெரிய ஸ்கிரீனா இருக்கணும்."

"அப்பப் பெரிய ஸ்கிரீனு வந்துட்டாச் சோலி முடிஞ்சிரும்," என்று அவரே முடிவுகட்டிக்கொண்டார். ராசாத்தியிடம் திரும்பி, "பாத்தியா? கீழ வீடு பாருன்னு நச்சரிச்சியே. அக்கா வாசிக்கிற வரைக்குந்தான் இந்த அலைச்சல்," என்றார். ராசாத்தி என் முகத்தைப் பார்த்தார். நான் பையில் ஸ்க்ரூடிரைவரைத் தேடிக்கொண்டிருந்தேன்.

4. பெரிய திரை

எங்கள் ஊர் சர்வதேசப் பள்ளிக்கூடத்தில் வருடம் முடியும்போது வெளிநாட்டு ஆசிரியர்கள் சிலர் ஊரைக் காலி செய்துகொண்டு போவார்கள். கம்பளி, சட்டி பானை, சைக்கிள் எல்லாவற்றையும் வீட்டு வாசலில் பரப்பி விற்பார்கள். ஊர்ச்சனம் வெள்ளனே போய் நிற்கும். நானும் போனேன். புத்தகக் குவியலுக்கு நடுவில் பத்து அங்குல இ-ரீடர் கிடந்தது. ஓரத்தில் ஒரு கீறல், மற்றபடி பழுதில்லை. பென்டிரைவை நீட்டினேன். அந்த அம்மா தன் லேப்டாப் வழியாக மேனுவலை அதில் ஏற்றிக்கொடுத்தார். மோசமான பக்கத்தைத் திறந்தேன். பக்கத்தின் ஓர வெள்ளையைத் திரையிலேயே வெட்டி, குறுக்காகத் திருப்பி வைத்தேன். ஒவ்வொரு எண்ணும் மணிமணியாகத் தெரிந்தது. ஒயர் நிறம் மட்டும் தெரியாது, எல்லாம் சாம்பல். பரவாயில்லை, கனெக்டரில் முனை எண் இருக்கிறது. என் சொந்தக் காசில் வாங்கினேன். வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன், பைத்தியக்காரி மாதிரி.

மறுநாள் காலையிலேயே மெஷினுக்குப் பின்னால் படுத்தேன். ஒரு மழைக்காலம் முழுக்க முடியாதது மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிட்டது. ஒவ்வொரு முனையாக அளந்து, அது துரத்திய பக்கமெல்லாம் போய், கடைசிப் பக்கத்துக்கு வந்தேன்.

அங்கே இரண்டு வரிதான் இருந்தது. போர்டு பழுது. இந்த போர்டைப் பிரித்துச் சரிசெய்ய முடியாது, புதியது மாற்றவும்.

அது செத்த மெஷினிலிருந்து நான் ஏற்கெனவே எடுத்து மாட்டிய போர்டு, இனி மாற்ற வேறு இல்லை. கம்பெனிக்குப் போன் போட்டேன். எடுத்த பையன் மரியாதையாகத்தான் பேசினான்.

"மேடம், அந்த மாடலுக்கு பார்ட்ஸ் நின்னு ரொம்ப வருஷம் ஆச்சு. உலகத்துல எங்கயும் கெடைக்காது."

நான் கேட்காத இடமில்லை. பழைய சாமான் விற்கிறவர்கள், போர்டு பழுது பார்க்கிறவர்கள், எல்லோரும் கையை விரித்தார்கள். போர்டுமேல் கெட்டியாகப் பிசின் ஊற்றியிருந்தது. சுரண்டினால் மின்சாரம் ஓடுகிற செம்புத் தடமும் சேர்ந்து வந்தது.

பழனிச்சாமி வந்தார். பெரிய திரையைப் பார்த்ததும் அவருக்கு அப்படியொரு சந்தோஷம்.

"எழுத்து தெரியுதாக்கா?"

"தெரியுது."

"என்ன போட்ருக்கு?"

வாசித்துச் சொன்னேன். சுற்றி வளைக்கத் தெம்பில்லை. அவர் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "சரிக்கா. பூண்டப் பிடுங்கிட்டுக் கீழ ஒரு வீடு பாக்குறேன்," என்றார்.

பூண்டைப் பிடுங்கினார். வீடு பார்ப்பதற்குள் ஒரு பெருமழையில் மரம் விழுந்து மலைப்பாதை அடைத்துக்கொண்டது. வத்தலக்குண்டு போகிற வண்டிகளின் வரிசையில், ஜீப்புக்குள், ராசாத்தி மடியில் மூச்சு முட்டிப் போய்ச் சேர்ந்துவிட்டார். உடம்பு ஏற்கெனவே அத்தனை அலைச்சலில் நைந்துபோயிருந்தது, ஒரு முறை தவறியதையும் தாங்கவில்லை.

துக்கம் கேட்கப் பள்ளங்கிக்குப் போனேன். ராசாத்தி அழவில்லை. எனக்குக் காப்பி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து, கோபமே இல்லாமல் கேட்டார்.

"அந்தப் பக்கத்தப் போன மழைக்காலத்துலயே வாசிச்சிருந்தா, இவரு அப்பவே கீழ குடி போயிருப்பாருல்லக்கா?"

"ஆமா," என்றேன்.

அவருக்கு எங்கள் மெஷினால் ஆயுள் கிடைத்திருக்காது, அது எப்படியும் செத்த மெஷின். ஆனால் செத்தது என்பது தெரிய ஒரு மழைக்காலம் ஆனது. அந்த மழைக்காலம் முழுக்க அந்த மனிதர் நம்பிக்கொண்டு பஸ் ஏறினார். சின்னத் திரை எங்களுக்குச் செய்த கேடு அதுதான். நினைத்தால் இன்றும் மனசு ஆறமாட்டேன் என்கிறது.

இந்த வேலைக்கு வருகிறவர்களே, மேனுவல் படிப்பது ரிப்பேர் செய்வதற்கு மட்டும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். முடியாது என்றால் முடியாது என்று வெரசாகச் சொல்வதற்கும்தான். அதற்குத் தகுந்த திரையை முதல் நாளே கேட்டு வாங்குங்கள், சண்டை போட்டாவது. எங்களால் அதைச் சமயத்தில் சொல்ல முடிந்திருந்தால், பழனிச்சாமி இந்நேரம் வத்தலக்குண்டில் ஒரு வாடகை வீட்டில் வெயிலைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.