மேகராஜாவுக்கு உத்திரட்டாதி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் ஒரு முட்டாள். சாதாரண முட்டாள் இல்லை. இல்லாத ஓர் அரசனுக்கு நட்சத்திரம் கேட்டார்கள் என்பதற்காக, இருக்கிற மச்சானின் நட்சத்திரத்தை எடுத்துக் கொடுத்த முட்டாள்.

கண்டியில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் ஆணியும் பெயின்ட்டும் விற்கிறேன். மிச்ச நேரத்தில் எழுத்தாளன். அப்படி நானே சொல்லிக்கொள்கிறேன்; வேறு யாரும் இன்னும் சொல்லவில்லை. கொஞ்ச காலமாக ஒரு மாயக் கதை என் கையில் இருக்கிறது. எழுதி அனுப்பினால் ஒருவரும் படிப்பதில்லை என்று தெரிந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் என் குரலிலேயே பதிவு செய்து, ஹந்தானையில் இருக்கும் அக்காவின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பத் தொடங்கினேன். அக்கா தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். தேத்தண்ணி நேரத்தில் அவள் ஃபோனைத் தேயிலைச் செடியின் மேல் வைக்க, பெண்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். ராஜாவின் குதிரைக்காக நான் கனைக்கும் இடங்களில் விழுந்து விழுந்து சிரிப்பார்களாம். அவை சிரிப்பதற்கான இடங்கள் அல்ல.

கதையின் நாயகர் மேகராஜா. மேகத்தின் மேல் கட்டிய கோட்டையை ஆள்பவர். ஒருநாள் அந்த மேகம் கரையத் தொடங்கும். கடைசிக் குடி இறங்கும்வரை நான் இறங்கமாட்டேன் என்று முடிசூடிய அன்றே சத்தியம் செய்தவர் அவர். ஆகவே எல்லாரையும் இறக்கிவிட்டு, கோட்டையோடு தானும் கரைந்துபோவார். முதல் அத்தியாயத்திலேயே இதைத் தீர்மானித்துவிட்டேன். அவ்வளவு நல்லவரை வேறு என்ன செய்வது? அந்தக் கடைசிக் காட்சியை நினைத்து ஒருநாள் பஸ்ஸில் நானே அழுதுவிட்டேன். கண்ணில் தூசி பட்டுவிட்டதாக்கும் என்று பக்கத்து சீட்காரர் இரக்கப்பட்டு ஜன்னலைச் சாத்தினார்.

ராஜாவுக்கு ஆள் தேடி நான் அலையவில்லை. அக்காவின் கணவர், அதாவது என் மச்சான், தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவர். லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் மக்களுக்கு ஒன்று என்றால் தோட்டத்துத் துரையிடம் போய்ப் பேசுகிறவர். சண்டையைக் கொண்டு வருகிறவனிடம் முதலில் "சாப்பிட்டியா?" என்று கேட்பார். குடையை யாருக்காவது கொடுத்துவிட்டு நனைந்துகொண்டு வீட்டுக்கு வருவார். அப்படியே தூக்கி, தலையில் ஒரு கிரீடத்தை வைத்தேன். அவருக்கே அது தெரியாது.

மேகத்தில் முதல் விரிசல் விழுந்த அத்தியாயத்தை அனுப்பியிருந்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை, கடையில் ஆள் நிற்கிற நேரம், அக்காவிடமிருந்து அழைப்பு.

"டேய், ராஜாவுக்கு என்னா நட்சத்திரம்?"

"எந்த ராஜாவுக்கு?"

"ஒன் ராஜாவுக்குதான். அர்ச்சனை பண்ண வந்திருக்கோம். பூசாரி கேக்குறாரு, சீக்கிரம் சொல்லு."

"அக்கா, அவரு கதையில வர்ற ஆளு."

"கதையில வந்தா? நட்சத்திரம் இல்லாமலா பொறந்தாரு?"

எதிரில் ஒருவர் இறுகிப்போன தண்ணீர்க் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே முறைத்துக்கொண்டிருந்தார். என் சொந்த நட்சத்திரமே எனக்கு நினைவில்லை. நினைவில் இருந்தது ஒன்றுதான். அக்காவின் கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்த்து வீடே இரண்டுபட்டபோது காது புளிக்கக் கேட்டது.

"உத்திரட்டாதி. மீன ராசி."

மாரியம்மன் முன்னால் பூசாரி அதை உரக்கச் சொன்னாராம். பின்னால் நின்ற ஒருத்தி, "அடியே, இது நம்ம தலைவரு நட்சத்திரமாச்சே!" என்றாளாம். சாயங்காலத்துக்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஒரு ராஜாவின் ரகசியம் இவ்வளவு சுலபமாக வெளியே போனதை நான் எந்தக் கதையிலும் கேட்டதில்லை.

மச்சான் கோபப்படவில்லை. அதுதான் வினை. அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அவரே எனக்கு ஃபோன் எடுப்பார்.

"என்னா மாப்ள, இந்த வாரம் ராஜா என்னா செய்யுறாரு?"

"மனுசனுக்கு நடையே மாறிப்போச்சுடா," என்று அக்கா அலுத்துக்கொள்வாள். "பீலியில தண்ணி புடிக்கப் போறப்பகூட ஊர்கோலம் போற மாதிரி போறாரு." நான் சிரித்தேன். வாசகர்மேல் ஒரு கதை இப்படி வேலை செய்ய வேண்டும் என்று பெருமையும் பட்டேன்.

பிறகு இந்த மழை வந்தது. இன்னும் விடவில்லை. லயத்துக்கு மேலே மலையில் வெடிப்பு விட்டு நிற்கிறது. எல்லாரும் இறங்கவேண்டும் என்று கிராம சேவகர் வந்து சொல்லிவிட்டுப் போனார். எல்லாரும் கீழே பள்ளிக்கூடத்துக்கு இறங்கினார்கள், கடைசி வீட்டுப் பெரியவரைத் தவிர. அவருக்கு ஆள் துணை இல்லை, இரண்டு மாடுகள்தான். மாடுகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கமாட்டார்கள். அவற்றை விட்டுவிட்டு அவர் வரமாட்டார். அவரை விட்டுவிட்டு மச்சான் வரமாட்டார்.

அக்கா பள்ளிக்கூடத்திலிருந்து பேசினாள். குரலில் அலுப்பு இல்லை, வேறு என்னவோ இருந்தது.

"கடைசி ஆளு எறங்காம நான் எறங்கமாட்டேங்குறாரு. இது யாரு பேச்சுடா? ஒன் ராஜா பேச்சுதானே? நீதான் ஏத்தி வச்ச, நீயே எறக்கு."

"நான் எப்படிக்கா எறக்குறது?"

"ராஜாவ எறக்கு. அவரும் எறங்கிருவாரு."

கடையின் பின்புறம், பெயின்ட் டின்களுக்கு நடுவே உட்கார்ந்து புதிய அத்தியாயத்தைப் பதிவு செய்தேன். மந்திரி நல்ல புத்தி சொல்கிறார். ராஜா, அட ஆமாம் என்கிறார். குதிரையில் ஏறி, பத்திரமாகத் தரைக்கு வந்து, சூடாகத் தேத்தண்ணி குடிக்கிறார். இவ்வளவு கேவலமான அத்தியாயத்தை நான் இதுவரை செய்ததில்லை. மற்ற அத்தியாயங்களைக் கேட்டவர்களுக்கு இதன் பாரம் புரியும்.

மேலே சிக்னல் செத்துப்போயிருந்தது. ஆகவே நேற்று மத்தியானம் நானே கொண்டுபோனேன். ரோட்டில் மண் விழுந்து கிடந்த இடத்தோடு ஆட்டோக்காரர் நிறுத்திவிட்டார். மிச்சத்தை நடந்தேன், பாதியை வழுக்கினேன். லயத்துக்கு மேலே அந்த வெடிப்பைப் பார்த்தேன். என் கை முழங்கைவரை போகும். விட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மச்சான் மாட்டுக் கொட்டிலில், பெரியவரோடு சேர்ந்து தறப்பாளைக் கட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "சாப்பிட்டியா மாப்ள?" என்றார்.

கெஞ்சினேன். அக்கா அழுகிறாள் என்றேன். மாடுகளுக்குக் கீழே ஒரு இடம் பார்த்துத் தருவதாகச் சத்தியம் செய்தேன். நானே இழுத்துக்கொண்டு போகிறேன் என்று ஒன்றின் கயிற்றைப் பிடித்தேன். அது என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அப்படியே படுத்துவிட்டது. பெரியவர், "ஆள் தெரியாதுல்ல தம்பி, அதான்," என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

வேறு வழியில்லாமல் ஃபோனை எடுத்து நீட்டினேன்.

"புது அத்தியாயம் மச்சான். இன்னும் யாருக்கும் அனுப்பல."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். கொட்டில் தூணில் சாய்ந்து, காதோடு வைத்துக் கேட்டார். தறப்பாள்மேல் மழை அடிக்கும் சத்தத்துக்கு நடுவே என் குரல் எனக்கே கேட்டது. ராஜா குதிரையில் ஏறும் இடம் வந்தது, நான் கனைத்தேன், படுத்திருந்த மாடு தலையைத் தூக்கிப் பார்த்தது. மச்சான் சிரிக்கவில்லை. தேத்தண்ணி முடியும்வரை பொறுமையாகக் கேட்டார். எந்தச் சண்டைக்காரனையும் அவர் பாதியில் நிறுத்தியதில்லை.

"பாத்தீங்களா மச்சான்," என்றேன். "ராஜாவே எறங்கிட்டாரு. நாமளும் எறங்குவோமா?"

ஃபோனில் பட்டிருந்த ஈரத்தைச் சட்டையில் துடைத்து, என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"இது நம்ம ராஜா இல்ல, மாப்ள."